வெள்ளிக் கிண்ணத்து வாய்ப்பால்

வெகு காலத்துக்கு முன்னால் நெல்லிமலை நாட்டை மகுடகேசரி என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். தன்னைப் பற்றி அவனுக்கே பெருமை அதிகம். போகட்டும்.

அங்கே ஒரு வழக்கம். பௌர்ணமிதோறும் வெள்ளிக் கிண்ணத்தில் பால் வரும். ராஜா ஒரு வாய் குடிப்பான். மிச்சத்தை அரண்மனைப் பிள்ளைகள் அதே கிண்ணத்தில் வரிசையாகக் குடிக்கும். 'வாய்ப்பால்' என்று பெயர். குடித்தால் ராஜாவின் வீரம் வருமாம்.

வீரம் வந்ததோ இல்லையோ, வயிற்றுவலி வந்தது. மேல்வயிறு எரிகிறது என்று பிள்ளைகள் சுருண்டு படுத்தன. ராஜாவின் பேத்தி, ஐந்து வயது செண்பகவல்லி, சோறு இறங்காமல் துரும்பாய் இளைத்தாள்.

"பாலில்தான் கோளாறு," என்றார் ராஜாவின் மந்திரியான தானாதிபதி சடையப்பர். அவர் மைத்துனனிடமும் மாடுகள் இருந்தன. அரண்மனைக்குப் பால் ஊற்றும் உரிமைதான் இல்லை.

ராஜா யோசிக்கவில்லை. பால்காரி வெள்ளச்சியைப் பிடித்துவரச் சொன்னான்.

"உன் மாடுகளைப் பறித்துக்கொண்டு உன்னை நாடு கடத்தப் போகிறேன். என்ன சொல்கிறாய்?"

வெள்ளச்சி தலை குனியவில்லை. "மூன்று கொதி விட்டுத்தான் பாலைக் கொண்டுவருகிறேன் மகாராஜா. இதே பாலைக் குடிக்கிற என் தெருப் பிள்ளைகள் வேலி தாண்டிக் குதிக்கின்றன. வந்து பாருங்கள்."

"உனக்கு வாய் நீளம்!" என்று சீறினார் சடையப்பர்.

"பாலைப் பழித்தால் நீளும் ஐயா."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். "இன்று பௌர்ணமி. உன் பாலில் குற்றமில்லை என்று சபையில் காட்டு. இல்லையேல் பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டு."

"காட்டுகிறேன். மகாராஜா முதலில் தாம்பூலம் போட்டுக்கொள்ள வேண்டும்."

வாய்ப்பாலுக்கு முன்னால் ராஜா தாம்பூலம் தொடுவதில்லை. விரதம். ஆனால் வெற்றிலை என்றால் அவனுக்கு உயிர். "கேட்டதும் நல்லதாகத்தான் கேட்டாய்," என்று சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, மென்று துப்பினான். வழக்கம்போல் வந்த பால் கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் குடித்தான். புளித்த ஏப்பம் விட்டான். நெஞ்செரிச்சல் அவனுக்குப் பல வருஷத்துச் சொத்து.

வெள்ளச்சி கிண்ணத்தை வாங்கிச் சடையப்பரிடம் நீட்டினாள். "மன்னர் வாய் பட்டது அமுதம் என்று சொல்வீர்களே, குடியுங்கள்."

சடையப்பர் எட்டிப் பார்த்தார். வெள்ளைப் பாலில் சிவப்பாய் நூல் ஓடியது. பாக்குத் துணுக்கு ஒன்று மிதந்தது.

"சீ! எச்சில்!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"போன பௌர்ணமிக்கும் எச்சில்தான் ஐயா," என்றாள் வெள்ளச்சி. "நிறம் இல்லை. அதனால் பிள்ளைகளுக்குக் கொடுத்தீர்கள்."

ராஜா எழுந்தான். கை வாளுக்குப் போனது. "நோய் என்னிடமிருந்தா போனது என்கிறாய்?"

"உங்கள் ஏப்பம் ஊருக்கே கேட்கும் மகாராஜா. இப்போது ஐந்து வயதுப் பிள்ளை அதே ஏப்பம் விடுகிறது. ஒரு சொட்டு மோரை உறை ஊற்றினால் குடம் பாலும் தயிராகிறது. மோருக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறதா? அப்படி ஏதோ ஒன்று உங்கள் வயிற்றில் குடியிருக்கிறது. எச்சிலோடு கிண்ணத்துக்கு வருகிறது. கிண்ணத்திலிருந்து பிள்ளைக்கு. பிள்ளை கடித்த பழத்தைத் தம்பி கடிக்கிறான். கைக்குழந்தைக்குத் தாய் மென்று ஊட்டுகிறாள். இதில் என் மாடு எங்கே வந்தது?"

ராஜா கிண்ணத்தையே பார்த்தான். பிறகு பேத்தி படுத்திருந்த அறைப்பக்கம் பார்த்தான். கை வாளை விட்டது.

"வைத்தியரே! முதல் மருந்து எனக்கு. அப்புறம் பிள்ளைகளுக்கு. இனி ஆளுக்கொரு கிண்ணம். வாய்ப்பால் இன்றோடு சரி."

அடுத்த பௌர்ணமிக்குள் செண்பகவல்லி இன்னொரு பிடி சோறு கேட்டாள். அன்றே ராஜா வெள்ளச்சியை அழைத்தான்.

"பொன் வேண்டுமா, நிலம் வேண்டுமா?"

"என் பால் நல்ல பால் என்று ஊர் கேட்க வேண்டும். பழித்த வாயே சொல்ல வேண்டும்."

"சபாஷ்!" என்று ராஜா வாய்விட்டுச் சிரித்தான்.

தானாதிபதி கழுத்தில் தமுக்கு ஏறியது. "வெள்ளச்சி பால் நல்ல பால்!" என்று தெருத் தெருவாய் அடித்துக்கொண்டு போனார். முன்னால் வெள்ளச்சி, தலையில் பால்குடம், கையால் பிடிக்காமல் நிமிர்ந்து நடந்தாள்.

மைத்துனன் வீட்டு வாசலில் சடையப்பர் குரல் தாழ்ந்தது.

அவள் நின்றாள். திரும்பவில்லை.

"சத்தம் போதாது ஐயா."