ஞானதுரை சாரும் இசக்கியின் ஸ்கூட்டியும்

பாளையங்கோட்டையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்தும் ஞானதுரை சாருக்கு, மாணவி இசக்கியம்மாளின் ஸ்கூட்டி மேல் தனிப் பிரியம். "இதோ வந்துருதேன்" என்று தினமும் காலையில் சாவியை வாங்கிக்கொள்வார். வண்டி சாயங்காலம்தான் திரும்பும், பெட்ரோல் வற்றி.

ஒருநாள் வகுப்பில் அவளையே எழுப்பி நிறுத்தினார். "லெண்ட், பாரோ ரெண்டையும் எல்லாரும் குழப்புதாங்க. நீ வித்தியாசத்தைச் செஞ்சு காட்டு. இல்லேன்னா சர்டிபிகேட் கிடையாது."

"உங்க போனைக் குடுங்க சார்."

கொடுத்தார்.

"நீங்க குடுத்தது லெண்ட். நான் வாங்கினது பாரோ."

"பிரமாதம்! போனைக் கொண்டா."

இசக்கி அதைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "இதோ தந்துருதேன் சார்."

எமகாதகி! வகுப்பே சிரித்தது. சார் ஸ்கூட்டி சாவியை எடுத்து அவள் மேஜையில் வைத்தார்.

சர்டிபிகேட் அடுத்த மாதம் வந்தது. பெட்ரோல் அன்றைக்கே வந்துவிட்டது.