செங்கோடன் செதுக்கிய வரப்பு

முன்னொரு காலத்தில் ஓர் அரசன் இருந்தான். இருந்தான், அவ்வளவுதான். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான். அதோடு அவனுக்கும் ஊருக்கும் உள்ள உறவு தீர்ந்தது. கேட்பவர்களே, அவனை அரண்மனையிலேயே விட்டுவிட்டு நாம் வயலுக்குப் போவோம்.

ஆற்றோரத்து ஊர் ஒன்றில் செங்கோடன் என்ற உழவன் இருந்தான். அவனுக்கு இருந்தது ஒரே வயல். அதில் விளைவதுதான் அவன் வீட்டில் ஐந்து வயிற்றுக்கு ஓராண்டுச் சோறு. அவன் மனைவி பெயர் நாச்சாயி. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வயலின் ஒரு பக்கம் வாய்க்கால். வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு வரப்பு. ஊரிலிருந்து ஆற்றுத் துறைக்கும், துறையைக் கடந்து சந்தைக்கும் போக அந்த வரப்பு ஒன்றுதான் கிட்டத்து வழி. பானை சுமப்பவர், உப்பு சுமப்பவர், விறகு சுமப்பவர் எல்லோரும் அதில்தான் நடந்தார்கள். அந்தக் காலத்தில் எதிரெதிரே வரும் இருவர் தோள் உரசாமல் விலகிப் போகலாம். அத்தனை அகலம்.

ஆண்டுதோறும் நடவுக்கு முன்னால் வரப்பின் ஓரத்தைப் புல்லோடு செதுக்கிவிட்டு, செதுக்கிய அளவுக்குச் சேறு பூசி அணைப்பது உழவர் வழக்கம். செங்கோடனும் செய்தான். ஆனால் அவன் செதுக்கியது நான்கு விரல், பூசியது இரண்டு விரல். மிச்சம் இரண்டு விரல் வயலோடு சேர்ந்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒரு வரிசை நாற்று கூடுதலாக நட்டான். ஒன்பது ஆண்டில் மூன்று வரிசை.

அவனை வையாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு வண்டி ஏறிப் போனவனுக்கு மூன்று வரிசை நெல் பெரிதுதான். எனக்கு அவனைப் பிடிக்கும். ஆனாலும் நடந்ததைச் சொல்ல வேண்டுமல்லவா?

ஒன்பதாம் ஆண்டில் அந்த வரப்பில் ஓர் ஆட்டுக்குட்டி நடப்பதென்றால்கூட நின்று யோசித்துத்தான் நடக்கும். சுமையோடு வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் வயல். ஒரு கால் வயலில் இறங்கியது. பிறகு இரண்டு காலும் இறங்கின. பயிர் சாய்ந்தது.

 கால்களைத் தடுக்கச் செங்கோடன் மூன்று வழி செய்தான்.

நாற்று வேர் பிடித்த மாதத்தில் இலந்தை முள்ளை வெட்டி வந்து வரப்பெங்கும் போட்டான். நடப்பவர்கள் முள்ளுக்கு அஞ்சி இரண்டு முழம் தள்ளி வயலுக்குள் நடந்தார்கள். முன்பு ஒரு வரிசை மிதிபட்டது, இப்போது மூன்று வரிசை.

பயிர் கிளைத்துத் தூர் கட்டிய மாதத்தில் முள்ளை எடுத்துவிட்டு, வரப்பின் மேல் சேற்றைக் குழைத்து வழவழவென்று மெழுகினான். வழுக்குமென்று தெரிந்தால் வரமாட்டார்கள் என்பது அவன் கணக்கு. தெரிந்தும் வந்தார்கள், வழுக்கியும் விழுந்தார்கள். காலால் மிதிபட்டது போய் ஆள் உருண்டு பயிர் சாய்ந்தது.

கதிர் வெளிவந்த மாதத்தில் ஆற்றிலிருந்து ஒரு நெட்டைக் கல்லைத் தூக்கி வந்து வரப்பின் நடுவே நட்டான். மஞ்சளும் குங்குமமும் பூசினான். இங்கே கருப்பன் காவல் இருக்கிறான், பயிரை மிதித்தால் கண் போகும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தான்.

பயம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் பயந்தவர்கள் ஓடிப் போகவில்லை, கும்பிட வந்தார்கள். கருப்பனுக்கு முதுகு காட்டக்கூடாதென்று வயலுக்குள் இறங்கி நின்று கும்பிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு பேர் அடுப்புக் கூட்டிப் பொங்கலே வைத்துவிட்டார்கள், நெற்பயிரின் நடுவே. செங்கோடனுக்கும் ஓர் இலையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவன் என்ன செய்வான், பாவம்? தான் நட்ட சாமியைத் தானே பொய் என்று எப்படிச் சொல்வான்? வாங்கித் தின்றான்.

அரசனிடம் முறையிட்டிருக்கலாமே என்பீர்கள். அரசனுடைய ஆட்கள் வந்தால் குதிரையில் வருவார்கள். குதிரை வரப்பில் நடக்காது.

பாதி வயல் சாய்ந்தாயிற்று. மீதிப் பாதியில் கதிர் பால் பிடித்துக்கொண்டிருந்தது. அதுவும் போனால் ஐந்து வயிறும் காயும். அடுத்த சந்தை நாளில் செங்கோடன் வரப்பின் தலைப்பில் மண்வெட்டியோடு குறுக்கே நின்றுகொண்டான்.

முதலில் வந்தவள் உப்பு விற்கும் மாராயி. தலையில் கூடை நிறைய உப்பு. பின்னால் குயவர் உடையான், அவர் பின்னால் இன்னும் முப்பது பேர். இனி ஒருவரும் இந்தப் பக்கம் வரக்கூடாதென்றான் செங்கோடன். வழி வேறு ஏது என்று கேட்டார்கள். பறந்து போங்கள் என்றான். வார்த்தை தடித்தது. கண் தெரியாத கழுதைகள் என்று அவன் சொல்ல, கழுதைக்காவது நான்கு கால் இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள்.

மாராயி மட்டும் கோபப்படவில்லை. கூடையை இறக்கி அவன் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, இதைத் தலையில வச்சுக்கிட்டு அந்தக் கோடி வரைக்கும் நீங்களே நடங்க. ஒரு தூர் மிதிபடாமப் போய்ச் சேர்ந்துட்டா, இனி நாங்க யாரும் இந்த வரப்புல கால் வைக்க மாட்டோம். ஆத்தைச் சுத்திக்கிட்டுப் போறோம்."

மேலே போய் வேறு துறையில் ஆற்றைக் கடந்து சுற்றினால் ஒரு பகல் நடை. ஆனாலும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். செங்கோடன் சிரித்தான். அந்த வயலில் அவனுக்குத் தெரியாத மண்கட்டி இல்லை. மண்வெட்டியை ஊன்றிவிட்டுக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்தான்.

முதல் இருபது காலடி நிமிர்ந்து நடந்தான். அடுத்த இருபது காலடி குனிந்து பார்த்து நடந்தான். அதற்கடுத்த இருபதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"பார்த்துப் போ, செங்கோடா. இன்னும் முக்கால் வயல் கிடக்கு" என்றார் உடையான்.

அறுபத்தோராம் காலடியில் வரப்பு ஒரு பக்கம் இடிந்தது. கூடை சாய்ந்தது. வாய்க்கால் பக்கம் விழுந்தால் மாராயியின் ஒரு மாதப் பிழைப்பு தண்ணீரோடு போகும். வயல் பக்கம் விழுந்தால் உப்பு கரைந்து, நிற்கிற பயிரும் கருகும். இதையெல்லாம் அவன் எண்ணி முடிப்பதற்குள், அவன் கால் அவனைக் கேட்காமலே வயலில் இறங்கி ஊன்றிக்கொண்டது. கூடை தப்பியது.

அப்படியே நின்றான். தினமும் அந்த வரப்பில் வந்தவர்கள் எல்லோரும் செய்தது இதுதான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பயிரை மிதிக்க வேண்டுமென்று யாரும் மிதிக்கவில்லை. தலையில் இருந்ததைக் காப்பாற்றினார்கள்.

இங்கேதான், கேட்பவர்களே, உண்மையான சோதனை. அவன் கால் இறங்கிய இடத்தில் ஏற்கெனவே சாய்ந்த பயிரும் கிடந்தது. தூரத்தில் நின்றவர்களுக்கு எது புதியது, எது பழையது என்று தெரியாது. "இது நீங்கள் மிதித்ததுதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுக்க ஆள் இல்லை. அடுத்த அடியை வரப்பில் வைத்து, ஊர்ந்தாவது கோடியை அடைந்திருக்கலாம்.

செங்கோடன் திரும்பிப் பார்த்தான்.

"ஏழு தூர். நான் மிதிச்சது" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து நாச்சாயியின் குரல் வந்தது. அவள் கஞ்சிக் கலயத்தோடு வந்து வெகுநேரமாகிவிட்டது.

"ஏனுங்க, மூணு வருசமா இந்தக் கலயத்தைத் தூக்கிட்டு வர்றேனே. நான் எது மேல நடந்து வந்தேன்னு நினைச்சீங்க?"

 ஏன் முன்பே சொல்லவில்லை என்று செங்கோடன் மெதுவாகக் கேட்டான். சொல்லியிருந்தால் பட்டினி கிடந்தாலும் கிடந்திருப்பீர்களே தவிர, கஞ்சி கொண்டுவர விட்டிருக்க மாட்டீர்கள் என்றாள் அவள். அப்போதுதான் முப்பது பேரும் சிரித்தார்கள். செங்கோடனும் சிரித்தான். தலையில் உப்பு இருந்ததால் அளவாகச் சிரித்தான்.

அன்று மாலையே வரப்பை ஒட்டி, சாய்ந்ததும் சாயாததுமாகக் கிடந்த மூன்று வரிசை நெல்லைப் பச்சையாகவே அறுத்து மாட்டுக்குப் போட்டான். பால் பிடித்த கதிரை அறுக்கிறபோது உழவன் கை என்ன பாடுபடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அறுத்த இடத்தில் வாய்க்கால் வண்டலை அள்ளி வரப்பைக் கட்டத் தொடங்கினான். அடுத்த சந்தை நாளில் பார்த்தால் உடையான் ஒரு கூடையோடு நின்றார். அவருக்குப் பின்னால் மாராயி, அவளுக்குப் பின்னால் அந்த வழியில் நடக்கிற எல்லோரும். ஆளுக்கு ஒரு கூடை வண்டல், பிறகுதான் சந்தை. மூன்று சந்தை நாளில் வரப்பு பழைய அகலத்துக்கு வந்தது. நட்ட கல்லைப் பிடுங்கி, இடிந்த இடத்தில் அணை கொடுத்தார்கள். கண் எதுவும் யாருக்கும் போகவில்லை.

வேறு கதைகளில் சாய்ந்த பயிர் நிமிர்ந்துவிடும். இந்தக் கதையில் நிமிரவில்லை. பாதி நெல் போனது போனதுதான். ஆனால் மீதிப் பாதியில் அதன் பிறகு ஒரு காலும் இறங்கவில்லை. அது ஆறு மாதச் சோறு ஆயிற்று. மற்ற ஆறு மாதமும் அந்த வீட்டில் கேழ்வரகுக் கூழ். கூழுக்கு உப்பு மாராயி கொடுத்தாள். உடைந்த கூழ்ப்பானைக்குப் பதில் பானை உடையான் கொடுத்தார். அரசன் ஒன்றும் கொடுக்கவில்லை.

அடுத்த ஆண்டு வயல் முழுவதும் விளைந்தது. அறுப்புக்கு முந்தின நாள் நாச்சாயி கஞ்சிக் கலயத்தோடு வரப்பில் வந்தாள், எதிரே மாராயி உப்புக் கூடையோடு வந்தாள். இருவரும் நடு வரப்பில் நின்று சுமையை இறக்காமலே ஊர்க்கதை முழுவதும் பேசினார்கள். ஒரு கதிர்கூடச் சாயவில்லை. கஞ்சிதான் ஆறிப்போயிற்று.

பலர் நடக்கும் வழியைத் தனக்காகச் செதுக்குகிறவன் தன் விளைச்சலையே செதுக்குகிறான்.