கிழிந்த பந்துக்குள் கை

பிலோமினா மாஸ்டருக்கு ஒரே ஒரு சீடர்தான். சீடருக்கு மாஸ்டரைவிட வயது அதிகம். உயரம் அதைவிட அதிகம். இருவரும் சேர்ந்து நடந்து வந்தால், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வந்த அப்பா மாதிரி இருக்கும். ஆனால் வணக்கம் சொல்வது அப்பாதான்.

சீடரின் பெயர் செல்லத்துரை. ஒரு காலத்தில் நெல்லைக் கூடைப்பந்து அணியின் சென்டர். கூடைக்குக் கீழே அவர் கையை விரித்து நின்றால், எதிரணிக்காரன் "அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் பந்தைப் போடணும் என்பார்கள். முழங்கால் தேய்ந்தது, ஆட்டம் நின்றது. ஆட்டத்தை விட்டுப் போக மனசு மட்டும் வரவில்லை. மாஸ்டரிடம் வந்து சேர்ந்தார்.

மாஸ்டர் இந்தியாவுக்கு ஆடியவர். இப்போது ஆறு ஊர்க் கூடைப்பந்து லீக்குக்கு ஆட்ட அட்டவணை போடுகிறவர். அப்பா ரயில்வே. எந்த ஊரைச் சொன்னாலும் "அங்கேயும் குவார்ட்டர்ஸ்ல இருந்தோம்" என்பார். அதனால் ஊர்ப் பேரைச் சொல்லி அவரைத் திட்ட யாருக்கும் வழியில்லை.

அந்த வருஷம் மாஸ்டர் சொன்னார்.

"அண்ணே, இந்தத் தடவை அட்டவணை நீங்க போடுங்க."

செல்லத்துரை எழுந்து நின்றுவிட்டார். "இந்தத் தடவையா மாஸ்டர்?"

அவர் பயந்ததில் தப்பில்லை. போன சீசன் பாதியில் கோவையும் சென்னையும் "எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று பஸ் ஏறாமல் நின்றுவிட்டன. பணம் போடுகிற கம்பெனி கடைசியாகச் சொல்லிவிட்டது: ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆறு மேனேஜர்களும் அட்டவணைக்குச் சம்மதித்தால் லீக் நடக்கும். ஒருத்தர் மாட்டேன் என்றாலும் மூடுவிழா. ஆறு ஊர்ப் பிள்ளைகளும் பந்தை வைத்துவிட்டு வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான்.

"நான் போட்டுக் கெட்டுப்போச்சுன்னா?"

"கெடாமப் போடுங்க."

அட்டவணையில் ஒரு முள் இருந்தது. டிவிக்காரர்கள் கொடுத்த நாட்களுக்குள் எல்லா ஆட்டத்தையும் அடக்கினால், எப்படிப் போட்டாலும் ஓர் அணிக்கு வெள்ளி ஓர் ஊரிலும் சனி இன்னோர் ஊரிலும் ஆட்டம் விழும். நடுவில் ராத்திரி பஸ். நெட்டைப் பையன்கள் முழங்காலை முகவாயில் முட்டுக்கொடுத்துக்கொண்டு தூங்கணும். ஆட்டக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ரெட்டை. அந்தப் பெயரைக் கேட்டாலே சில பேருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

செல்லத்துரை முதல் அட்டவணையோடு வந்தார்.

"நியாயமா இருக்கா அண்ணே?"

"துலாபாரத் தராசு மாதிரி இருக்கு மாஸ்டர்."

மாஸ்டர் கத்தரிக்கோலை எடுத்தார். அட்டவணையை ஆறு வரிசையாக நறுக்கினார். ஒவ்வொன்றிலும் இருந்த ஊர்ப் பேரைத் தனியாக வெட்டிக் குப்பையில் போட்டார். மேஜைக்கு அடியில் ஒரு பழைய கூடைப்பந்து கிடந்தது. பக்கவாட்டில் வாய் பிளந்த பந்து. ஆறு சீட்டையும் சுருட்டி அதன் வயிற்றுக்குள் போட்டுக் குலுக்கினார்.

"நெல்லைக்கு ஒண்ணு எடுங்க."

செல்லத்துரையின் கை பந்து வரைக்கும் போய் நின்றது. ஆடும் காலத்தில் பந்தை எலுமிச்சம்பழம் மாதிரிப் பிடித்த கை. இப்போது அது நடுங்கியது.

"என்ன அண்ணே?"

"ஒண்ணுமில்ல மாஸ்டர். ஏசி குளிரு."

"ஏசி போன மாசமே ரிப்பேர்."

செல்லத்துரை மேலே பார்த்தார். ஏசி இருந்த இடத்தில் இரண்டு ஒயர் தொங்கியது.

"எது வந்துடக் கூடாதுன்னு பயப்படுறீங்க?"

"ரெட்டை."

"அதை யாருக்குப் போட்டிருந்தீங்க?"

"கோவைக்கு."

"கோவைக்காரங்க உங்களை என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல மாஸ்டர். தங்கமான பிள்ளைய. எதைச் சொன்னாலும் 'சரிங்க, ஆகட்டுங்க'ம்பாவ. அதான், தாங்கிக்கிடுவாவன்னு..."

மாஸ்டர் பந்தை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கத்தரிக்கோலைத் துடைத்தார். செல்லத்துரை வாசலில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே போனார்.

அடுத்த முறை வந்தபோது குனியவே இல்லை. இடித்துக்கொண்டார். அப்படியும் சிரித்தார்.

"இப்ப வெட்டுங்க மாஸ்டர்! இப்ப குலுக்குங்க!"

மாஸ்டர் வெட்டினார், குலுக்கினார். செல்லத்துரை முழங்கை வரைக்கும் கையை விட்டார். நடுக்கம் இல்லை. முகம் மட்டும் தலைத் தீபாவளி மாப்பிள்ளை மாதிரிப் பளபளத்தது.

"ரொம்பச் சந்தோஷமா இருக்கீங்களே?"

"பின்னே? எந்தச் சீட்டு வந்தாலும் நெல்லைக்கு இனி லாபந்தானே!"

"ஏன்?"

"இருந்த கஷ்டத்தையெல்லாம் எங்க ஊர் தலையிலேயே கட்டிட்டேன் மாஸ்டர். ரெட்டை எங்களுக்கு. மத்தியான ஆட்டம் எங்களுக்கு. தூரத்து ஊரெல்லாம் எங்களுக்கு. செல்லத்துரைக்கு ஊர்ப் பாசம்னு இனி எவனாவது வாயத் தொறக்கட்டும் பாப்போம்!"

"நெல்லைப் பிள்ளைங்ககிட்ட கேட்டீங்களா?"

"என்னத்த?"

"உங்களுக்கு நல்ல பேர் வர்றதுக்கு அவங்க ராத்திரி பஸ்ல தொங்கணும்னு."

செல்லத்துரையின் கை பந்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டது.

"குனியுங்க அண்ணே."

குனிந்தார். மாஸ்டர் நுனிக்காலில் எம்பி அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"அன்னிக்கு நடுக்கம். இன்னிக்குச் சூடு. காய்ச்சல் இன்னும் விடலை. போயிட்டு வாங்க."

மூன்றாம் முறை செல்லத்துரை ஊர்ப் பேர்களை முதலிலேயே தூக்கிப் போட்டார். வெறும் ஒன்று, இரண்டு, மூன்று. எந்த எண்ணுக்குள் எந்த ஊர் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. ரெட்டையை ஒழிக்கப் பார்த்தார். ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் துருத்தியது, குட்டைப் பாயில் படுத்த நெட்டையன் கால் மாதிரி. சரி, ஒழிக்க முடியாது. தாங்கும்படி செய்யலாமே? சனிக்கிழமை எதிரில் நிற்கிற அணியும் வெள்ளிக்கிழமை தன் ஊரிலேயே ஆடியிருக்கட்டும் என்று மாற்றினார். அவனுக்கும் கால் வலிக்கட்டும். அது முடிந்ததும் ரெட்டைக்காரனுக்குச் சொந்த ஊரில் ஒரு வாரம் ஓய்வு.

மாஸ்டரிடம் வந்தார். வெட்டினார்கள், குலுக்கினார்கள். கையை விட்டு ஒரு சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். பிரித்துப் பார்க்கவில்லை.

"எப்படி இருக்கு அண்ணே?"

செல்லத்துரை யோசித்தார். "பசிக்குது மாஸ்டர்."

மாஸ்டர் எழுந்து செருப்பை மாட்டினார். இருவரும் பரோட்டா சாப்பிடப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆறு மேனேஜர்களும் வந்தார்கள். மாஸ்டர் மூலையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தார்.

முதலில் வாயைத் திறந்தவர் சென்னை மேனேஜர் ஜெயசீலன். "இன்னா சார் இது? பந்தைக் கிழிச்சு வெச்சிக்கினு வித்தை காட்டப் போறீங்களா?"

"குடவோலை மாதிரிங்க போல" என்றார் கோவை மேனேஜர் சென்னியப்பன். "நாங்க ஒண்ணும் சொல்லலைங்க. ஆனா போன வருசமும் ஒண்ணும் சொல்லாமத்தானுங்க பஸ் ஏறாம நின்னோம்."

நெல்லை மேனேஜர் சுடலையாண்டி, செல்லத்துரையின் தங்கை வீட்டுக்காரர். நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து காதோடு கேட்டார். அவர் காதோடு பேசினால் தெருமுனைக்குக் கேட்கும்.

"மச்சான், எந்தச் சீட்டு நம்மளுதுன்னு ஒரு கண்ணக் காட்டும்."

"எனக்குத் தெரியாது மாப்ள."

"தெரியாதா? எழுதுனது நீருதான வே!"

"எழுதுனேன். யார் கைக்கு வரும்னு எழுதல."

செல்லத்துரை எழுந்து நின்றார். மின்விசிறி அவர் தலையை ஒட்டிச் சுற்றியது.

"ஆறு வரிசையும் உங்க முன்னால இருக்கு. படிச்சுப் பாருங்க. ரெட்டையும் இருக்கு, மறைக்கல. இதுல எந்த வரிசை வந்தாலும் எங்களால ஆட முடியும்னு தோணுனா, இப்பக் கையெழுத்துப் போடுங்க. தாங்காதுன்னா இப்பவே சொல்லுங்க, உங்க எதிர்லயே மாத்துறேன். கை பந்துக்குள்ள போன பிறகு பேச்சில்ல."

ஆறு தலைகளும் குனிந்தன. அதுவரை ஒருவருக்கொருவர் முறைத்துக்கொண்டிருந்தவர்கள், யாருடையது என்று தெரியாத ஒரு வரிசைக்காக முதல் தடவையாகச் சேர்ந்து கவலைப்பட்டார்கள். "ரெட்டைக்காரன் சனிக்கிழமை கொஞ்சம் லேட்டா ஆரம்பிக்கட்டும் சார்" என்றார் ஜெயசீலன். "பாவம், பஸ்ல வந்து எறங்கணுமில்ல." போன வருஷம் இதே ஜெயசீலன் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்த மதுரை அணிமேல் புகார் எழுதியவர். செல்லத்துரை ஆட்ட நேரத்தை அடித்து எழுதினார். ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பந்து சுற்றி வந்தது. ஒவ்வொரு கையாக உள்ளே போனது. சென்னை பிரித்தது, ரெட்டை இல்லை. கோவை பிரித்தது, இல்லை. "முருகா" என்றார் சென்னியப்பன். திருச்சி, மதுரை, சேலம், ஒன்றிலும் இல்லை.

கடைசிச் சீட்டைச் சுடலையாண்டி பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"மச்சான்!" என்றார். "சொந்தக் கையால கொள்ளி வச்சிட்டீரே! உம்ம தங்கச்சி இனி உமக்கு மீன்கொழம்பு ஊத்துவாளாக்கும்?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் செல்லத்துரையின் கைகளைப் பார்த்தார்கள். நடுங்கவில்லை. இரண்டும் மேஜைமேல் சும்மா கிடந்தன.

ஜெயசீலன் மெதுவாக எழுந்தார். "சார், அடுத்த வருசமும் நீங்களே போடுங்க" என்றார்.

லீக் பிழைத்தது.

கூட்டம் கலைந்ததும் செல்லத்துரை பந்தைக் கையில் எடுத்தார். "வேலை முடிஞ்சுதே மாஸ்டர். இதைத் தைக்கக் குடுத்துடவா?"

"இருக்கட்டும்" என்றார் மாஸ்டர்.

ரெட்டை வந்தது. வெள்ளிக்கிழமை கோவையில் நெல்லை தோற்றது. ராத்திரி பஸ்ஸில் இசக்கிராஜா என்ற பையன் பின்சீட்டில் கால் நீட்ட இடமில்லாமல் ஜன்னலுக்கு வெளியே பாதத்தை நீட்டிக்கொண்டு வந்தான். சனிக்கிழமை சென்னை. எதிரில் இருந்தவர்களும் முந்தின நாள் ஆடிக் களைத்தவர்கள்தான். பத்துப் பேரும் கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்தவர்கள் மாதிரி ஓடினார்கள். கடைசி விநாடிகளில் சென்னை ஒரு புள்ளி முன்னால். ஒரு சோம்பல் பாஸ் காற்றில் மிதந்தது. இசக்கிராஜா நடுவில் பாய்ந்து அதைப் பறித்தான். தனியாக ஓடினான். பந்து பலகையில் பட்டு வளையத்தில் உட்கார்ந்து யோசித்து உள்ளே விழுந்தது.

அப்புறம் ஊரில் ஒரு வாரம் ஓய்வு. இட்லி, தூக்கம், தாமிரபரணிக் குளியல். திரும்பி வந்த நெல்லை ஒருத்தரிடமும் தோற்கவில்லை. கோப்பை ஜங்ஷன் வழியாகத் திறந்த லாரியில் வந்தது. முன்னால் கொட்டு, பின்னால் வெடி. சுடலையாண்டி மச்சானைத் தோளில் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. இன்னும் நாலு பேர் வந்து பார்த்தார்கள். கடைசியில் செல்லத்துரைதான் சுடலையாண்டியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார். அன்று மீன்குழம்பு இரண்டு தடவை ஊற்றப்பட்டது.

அடுத்த சீசன் வந்தது. செல்லத்துரையின் போன் ஓயவில்லை.

"சார், ஜெயசீலன். போன வருசம் ரெட்டை வாங்கினவன் கப்பைத் தூக்கினு போய்ட்டான். இந்த வருசம் ரெட்டை எங்களுக்கு. நாயம்னு ஒண்ணு கீது சார்."

"ஏனுங் அண்ணா, சென்னியப்பன் பேசறனுங்க. முதல்ல அந்த ரெட்டையை எங்களுக்குத்தான் போட்டு வெச்சிருந்தீங்களாமா? அதை எதுக்குங்க மாத்துனீங்க? நாங்க என்னங்க பாவம் பண்ணினோம்?"

"மச்சான்! ரெட்டை நம்ம குலசாமி. வேற எவனுக்காவது குடுத்தீரு, உம்ம தங்கச்சிய உம்ம வீட்டுலயே கொண்டு விட்டுருவேன்!"

மதுரை மிரட்டியது. திருச்சி அழுதது. சேலம் மாம்பழக் கூடையே அனுப்பியது.

செல்லத்துரை கூடையைத் தூக்கிக்கொண்டு மாஸ்டரிடம் ஓடினார். வாசலில் மறுபடியும் தலை இடித்தது.

"மாஸ்டர், இருக்கறதிலயே மோசமான வரிசை அதுதான். ஆறு பேரும் அதைத்தான் கேக்குறாங்க. குடுக்காட்டி அநியாயம்ங்கிறாங்க. போன வருசம் நியாயமா இருந்தது இந்த வருசம் எப்படி அநியாயமாச்சு? இப்ப நான் என்ன செய்ய?"

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். மேஜைக்கு அடியில் கையை விட்டுப் பந்தை எடுத்தார். தூசியை ஊதினார். வாய் பிளந்தபடியே அதைச் சீடரின் கைகளில் வைத்தார். கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவை அசையவில்லை.

"அதுக்குத்தான் அண்ணே, இதைத் தைக்கல."