கோவில்பட்டியில் கதவைத் தட்டியவன்

குவாரியில் ஒரு கால் போன பிறகு வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தவன் இசக்கியப்பன். அவனை வெளியே இழுத்து வந்து சட்டம் படிக்க வைத்தவர் ஞானசௌந்தரி டீச்சர். அவனைவிட வயதில் சின்னவர். இரண்டு கால்களும் போலியோவில் சூம்பியவை. ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் அவனுக்கு அரசாங்க வேலை கிடைத்ததுகூட அவர் போட்ட சண்டையால்தான்.

அன்று இருவரும் மதுரை கோர்ட்டுக்குக் கிளம்பி ரயில் நிலையத்தில் காத்திருந்தார்கள். தவசிமுத்து என்று ஒருவன்; இசக்கியப்பன் அவனைப் பார்த்ததில்லை. அடிபட்டால் ரத்தம் உறையாத வியாதி. பழைய சட்டம் ஏழு வகையைத்தான் ஊனம் என்றது. அவன் அதில் இல்லை. தன்னையும் சேர்க்கச் சொல்லி வழக்குப் போட்டிருந்தான். இன்று அவன் நேரில் வராவிட்டால் வழக்கு தள்ளுபடி. தங்கள் ஊனமுற்றோர் சங்கம் அவன் பக்கம் என்று இவர்கள் சொல்ல வேண்டும்.

இசக்கியப்பனுக்கு மனசு ஒப்பவில்லை.

"டீச்சர், நமக்குக் கெடச்சதே ஒரு கைப்பிடி. அதயும் பங்கு வைக்கணுமா?"

"வண்டி வருது அண்ணாச்சி. என் ஊன்றுகட்டையப் பிடிங்க."

ஊனமுற்றோர் பெட்டி உள்ளே தாழிட்டிருந்தது. இசக்கியப்பன் ஜன்னல் வழியே பார்த்தான். கண் தெரியாதவர் ஒருவர், ஊன்றுகோல்காரர்கள் இருவர். எல்லாம் நம்ம ஆட்கள். பாதி இடம் காலி.

"ஏலே, கதவத் தொறங்கல! நாங்களும் நொண்டிகதாம்ல!"

யாரும் அசையவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தான். வண்டி நகரப்போகிற நேரத்தில் கண் தெரியாதவர்தான் தடவி வந்து திறந்தார். டீச்சரைக் கைகொடுத்து ஏற்றிவிட்டு, தானும் ஏறினான். ஏறியதும் தாழைப் போட்டான்.

டீச்சர் எதிர்ப்பக்க ஜன்னலோரம் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார்.

கோவில்பட்டியில் கதவு தட்டப்பட்டது.

"அண்ணே, தொறங்கண்ணே."

"ஊனமுற்றோர் பெட்டிடே இது. கை கால் நல்லாத்தான இருக்கு? அடுத்த பெட்டிக்கு ஓடு."

"ஓட முடியாதுண்ணே. முட்டி வீங்கிக் கெடக்கு. இங்கதான் ஏறச் சொன்னாங்க."

"எல்லாப் பயலும் இதத்தான் சொல்லுதான்."

வண்டி நகர்ந்தது. அவன் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நொண்டி வந்து, விட்டுவிட்டான். வேலையைச் சரியாகச் செய்த திருப்தியோடு இசக்கியப்பன் வந்து உட்கார்ந்தான்.

டீச்சர் கண் விழித்தார். "யாரு அண்ணாச்சி தட்டுனது?"

"யாரோ ஒரு பய. முட்டி வீங்கியிருக்காம்."

"மெலிஞ்ச பையனா? கண்ணாடி போட்டிருந்தானா?"

"ஆமா."

டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. "தவசிமுத்து. அவனுக்கு மூட்டுல ரத்தம் கட்டி வீங்கிரும். இந்தப் பெட்டியில ஏறிக்கோன்னு நாந்தான் சொல்லியிருந்தேன்."

இசக்கியப்பன் தடுமாறி எழுந்தான். ஜன்னலில் எட்டிப் பார்த்தான். ஸ்டேஷன் எப்போதோ பின்னால் போயிருந்தது. அவனுக்கு அழுகை வந்தது.

"மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா தொறந்திருப்பேனே டீச்சர்!"

"தொறந்திருப்பீங்க அண்ணாச்சி," என்றார் டீச்சர். "எனக்காகத் தொறந்திருப்பீங்க."