அறையில் யாரும் இல்லை

மந்தனூரில் ஆறு மாடிக்கு ஒரு ஸ்மார்ட் கட்டடம் எழும்பியது. மாடிப்படியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அறிவு உண்டு என்றார்கள். அதில் மூன்றாம் மாடி ஏசி அறை, கடைகளுக்குப் பெயர்ப்பலகை வைக்க அனுமதி கொடுக்கும் பிரிவுக்குக் கிடைத்தது. பிரிவில் மூன்று பேர். கண்காணிப்பாளர் கோமதிநாயகம், எழுத்தர்கள் நல்லபெருமாள், மாடத்தி. காலியாகக் கிடந்த இரண்டு நாற்காலிகளுக்கு ஆள் போடுவதாக மேலிடம் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

கோமதிநாயகத்துக்கு இருபது வருட வேர்க்குரு. ஏசி அறைக்கு வந்த வாரமே அடங்கிவிட்டது. அந்த அறைக்காக அவர் எதையும் செய்வார், வேலையைக்கூட.

ஒருநாள் பொறியாளர் நஸ்ரின் வந்து கூரையில் வெள்ளை டப்பா ஒன்றைப் பொருத்தினார்.

"இது சென்சார் சார். உங்க முகத்தைப் பார்க்காது. அசைவையும் உடம்புச் சூட்டையும் வெச்சு எத்தனை ஆள்னு எண்ணும். அந்த எண் உங்க கம்ப்யூட்டர் திரையிலயும் தெரியும். வெள்ளிக்கிழமை இணை இயக்குநர் அம்மா கீழே திரையில பார்ப்பாங்க. அஞ்சு பேராவது காட்டணும். கரண்டும் குறையணும். இல்லாட்டி அறை நாய் உரிமப் பிரிவுக்குப் போயிரும்."

நாய் உரிமப் பிரிவு அப்போது மோட்டார் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் கண்காணிப்பாளர் சவரிமுத்து ஏற்கெனவே மூன்றாம் மாடிக்கு வந்து ஜன்னலை அளந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

முதல் சிக்கல் அசைவு. மூவரும் வழக்கம்போல வேலை பார்த்தார்கள். சென்சார் அறை காலி என்று நினைத்து விளக்கை அணைத்துவிட்டது. உடனே நல்லபெருமாளுக்கு அசையும் பொறுப்பு தரப்பட்டது. அவர் நாள் முழுக்க இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தார். பலகைக்கு அனுமதி கேட்டு வந்த ஜவுளிக்கடைக்காரர், தன்னைப் போகச் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டார்.

அப்படியும் திரை மூன்றைத் தாண்டவில்லை. வியாழக்கிழமை மாடத்தி காய்ச்சலென்று விடுப்பு கேட்டுப் போன் செய்தார்.

"எவ்வளவு இருக்கு?" என்றார் கோமதிநாயகம்.

"நூத்திரெண்டு, அண்ணாச்சி."

"அப்போ நீதாம்மா வேணும். உடனே வா."

"சாதாரண ஆளுக்குத் தொண்ணூத்தெட்டு. இவ நூத்திரெண்டு. ஒன்றரை ஆளாவது காட்டாதா?" என்று நல்லபெருமாள் கணக்குப் போட்டார். மாடத்தி கம்பளியோடு வந்து உட்கார்ந்தார். திரை அவரை ஒரு ஆள் என்றே காட்டியது.

"மாத்திரை போட்டுட்டு வந்தியா?" என்று கோமதிநாயகம் சந்தேகமாகக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவருக்கு யோசனை வந்தது. வீட்டிலிருந்து இரண்டு இட்லிப் பானைகள் வந்தன. மின்அடுப்பில் வெந்நீர் கொதிக்கவைத்துப் பானைகளில் ஊற்றி, காலி நாற்காலிகளில் ஏற்றினார்கள். சுழல் நாற்காலி என்பதால், கயிறு கட்டி நல்லபெருமாள் காலால் இழுத்து ஆட்டினார். திரை ஐந்து காட்டியது. பல வருடம் காலியாக இருந்த பதவிகள் ஒரு வழியாக நிரம்பின. மறுபடி வந்த ஜவுளிக்கடைக்காரர் மனுவைப் பானையின் மேஜையில் வைத்தார். மற்றவர்களைவிட அது சுறுசுறுப்பாகத் தெரிந்தது என்றார்.

மத்தியானம் நஸ்ரின் போனில் கூப்பிட்டார். "ஆள் சரியா இருக்கு சார். கரண்ட்தான் எக்கச்சக்கமா ஏறுது."

மின்அடுப்பை அணைத்தார்கள். விளக்கை அணைத்தார்கள். கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டு ஏசியையும் அணைத்தார்.

"தண்ணி ஆறிட்டா ரெண்டு பேர் குறைஞ்சிரும்லா அண்ணாச்சி?" என்றார் மாடத்தி.

"ஜன்னலைச் சாத்து. சூடு வெளியே போகக்கூடாது."

வைகாசி வெயில் கண்ணாடிச் சுவர் வழியாக முழுசாக உள்ளே இறங்கியது. சாயங்காலத்துக்குள் மேஜை, சுவர், பானை, நல்லபெருமாள் எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்துவிட்டார்கள். எது சுவர், எது ஆள் என்று சென்சாருக்குப் பிடிபடவில்லை. திரையில் பூஜ்யம்.

கீழேயிருந்து இணை இயக்குநர் வேதவல்லி போன் செய்தார். "என்ன கோமதிநாயகம், உங்க அறையில யாருமே இல்லைன்னு காட்டுதே?"

கோமதிநாயகம் போனைக் கையால் பொத்தினார். "பூஜ்யமாம்டே."

"நாம இருக்கோம்லா?" என்றார் நல்லபெருமாள்.

"அது உன் அபிப்பிராயம். அது லட்ச ரூபாய் மெஷின்."

"நான்கூட உடம்புக்கு முடியாம வீட்லதான் இருக்கணும். அது சரியாத்தான் சொல்லுது" என்றார் மாடத்தி.

கோமதிநாயகம் கையை எடுத்தார். "ஆமாங்கம்மா, யாரும் இல்லை."

"அப்படியா? சரி, அறையை நாய் உரிமத்துக்குக் கொடுத்திட்டோம். உங்க பிரிவு ஆளுங்க வந்ததும் சொல்லிருங்க."

சற்று நேரத்தில் சவரிமுத்து, தன் ஆட்கள் நாலு பேர் மேஜை தூக்கிவர, கதவைத் தட்டினார்.

"உள்ளே யாரும் இல்லை. தாராளமா வாங்க" என்று கோமதிநாயகம் கதவைத் திறந்துவிட்டு, மேஜைக்கு ஒரு கை கொடுத்தார்.

சவரிமுத்து வந்ததும் ஏசியைப் போட்டார். அறை குளிரக் குளிரத் திரையில் எண் ஏறியது. எட்டு என்று நின்றது. வேதவல்லி போனில் பாராட்டினார்.

கோமதிநாயகம் நிம்மதியாக மூச்சுவிட்டார். மற்ற இருவரையும் அழைத்துக்கொண்டு சவரிமுத்துவின் மேஜைமுன் போய்ப் பணிவாக நின்றார்.

"மன்னிக்கணும் சார். வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாயிட்டு."