மாடத்தியின் தாய்வீட்டுக் குட்டி

ஏன் கண்ணுகளா, ஆட்டுக்குத் தாய்வீடு உண்டா? இல்லேங்குறீங்களா? அப்ப 'ம்' கொட்டிக் கேளுங்க. 'ம்' நின்னா கதையும் நின்னுபோகும்.

ஆவாரங்குளம், ஆவாரங்குளம்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல மாடத்தின்னு ஒரு மருமக. அவ கல்யாணமாகி வர்றப்போ அவ ஆத்தா ஒரு கன்னி ஆட்டைக் கயித்தோட கையில குடுத்து அனுப்பினா. கன்னி ஆடு எப்படி இருக்கும்? உடம்பெல்லாம் கருகருன்னு, முகத்துல மட்டும் ரெண்டு வெள்ளைக் கோடு. அந்தப் பக்கத்துல ஒரு வழக்கம். சீதன ஆடு ஈனுற முதல் பெட்டைக்குட்டியை மருமக தன் கையால தாய்வீட்டுல கொண்டுபோய் விடணும். அதுவரைக்கும் தாய்வீட்டுப் பக்கம் தலைவச்சும் படுக்கக் கூடாது. கிடாக்குட்டி பிறந்தாவா? அது கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கறிதான், வேறென்ன!

மாடத்தி தினமும் ஆட்டை மேய்ச்சுட்டு வந்து, தண்ணி காட்டி, கழுத்தைத் தடவிக் குடுப்பா. தடவிக்கிட்டே, "இந்நேரம் எங்க ஆத்தா பால்ல சுக்குத் தட்டிப் போட்டு, நான் வருவேனான்னு தடத்தையே பார்த்துக்கிட்டு இருப்பா, இல்லையா?"ன்னு ஆட்டுக்கிட்டே கேப்பா. ஆடு அசைபோடும். பின்ன, ஆடு பதிலா சொல்லும்?

அவ மாமியார் பேரு முப்பிடாதி. அவ வச்சிருந்தது கொடி ஆடு. நெடுநெடுன்னு காலு, வெள்ளைத் தோலு, அதுல மையைத் தெளிச்ச மாதிரி கருப்புப் புள்ளி. மகன்காரனோ ஆத்தா பேச்சுக்கு மறுபேச்சு பேசாத ஆளு.

ஒருநாள் மாடத்தி களையெடுக்கப் போயிருந்தப்போ கன்னி ஆடு ஈனுச்சு. ஓடி வந்து பார்த்தா, பக்கத்துல புள்ளிபோட்ட வெள்ளைக்குட்டி.

"கிடாதான்டி"ன்னா மாமியார்.

"கருப்பு ஆட்டுக்கு வெள்ளைக்குட்டியா அத்தை?"

"அப்பன் கொடிக்கிடா. அப்பனை உரிச்சு வச்சிருக்கு. அதுக்கு நான் என்ன செய்ய?"

ஆடு குட்டியை மோந்து பார்த்துச்சு, விட்டுச்சு ஒரு உதை. "தலையீத்துல்லா, மடி கூசுது"ன்னுட்டா மாமியார். மாடத்தி ஆட்டுக் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதா.

அடுத்த ஈத்து. மாடத்தி கடலை பிடுங்கப் போயிருந்தா. வந்து பார்த்தா திரும்பவும் வெள்ளைக்குட்டி. "கிடாதான்டி." திரும்பவும் உதை. "ஒங்க ஆத்தா குடுத்த ஆடுதானே, உதைக்காம கொஞ்சவா செய்யும்?"ன்னா முப்பிடாதி.

மூணாவது ஈத்து. மாடத்தி பருத்தி எடுத்துட்டு வந்து பார்த்தா, கருகருன்னு குட்டி, முகத்துல ரெண்டு கோடு! ஆடு நக்கி நக்கிக் குடுக்குது. ஆனா தூக்கிப் பார்த்தா நிசமாவே கிடா.

"கிடாதான்டி. இந்தத் தடவை ஆடு உதைக்கலை, பாத்தியா?"

மாடத்தி அப்படியே உக்காந்துட்டா. குட்டி வயிறு முட்டக் குடிச்சுட்டுத் தூங்கிருச்சு. ஆடு மட்டும் நிறுத்தாம கத்துது. மடியைத் தடவிப் பார்த்தா. ஒரு காம்பு வத்திக் கிடக்கு, இன்னொண்ணு தவுலு மாதிரி தெறிச்சு நிக்குது. 'இது யாருக்கு வச்சிருக்க பாலு?'ன்னு யோசிச்சவளுக்கு அந்த ரெண்டு உதையும் ஞாபகம் வந்துச்சு. தான் பெத்ததை எந்த ஆடாவது உதைக்குமா?

கயித்தை அவுத்துவிட்டா. "நீயே காட்டுத்தா."

ஆடு விறுவிறுன்னு கொல்லைக்குப் போச்சு. அங்க கவிழ்த்துப்போட்ட கோழிப் பஞ்சாரக் கூடையில சாய்ஞ்சு உக்காந்து முப்பிடாதி முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தா. ஆடு பின்னுக்குப் போயி விட்டுச்சு பாருங்க ஒரு முட்டு! மாமியார் ஒரு பக்கம், கீரை ஒரு பக்கம், கூடை ஒரு பக்கம். உள்ளருந்து ஒரு கருப்புப் பெட்டைக்குட்டி தத்தித் தத்தி வந்து, தெறிச்சு நின்ன காம்பைக் கவ்விருச்சு.

ஊரே கூடிருச்சு. "முன்ன பிறந்த பெட்டைக எங்க?"ன்னாரு நாட்டாமை.

"சந்தைக்கு ஓட்டிட்டேன். என் ஆட்டுக் கிடாக்குட்டியை மாத்திப் போட்டேன்"ன்னா முப்பிடாதி, தலை குனிஞ்சுக்கிட்டு.

"அப்ப மறைச்சவ தோளே சுமக்கட்டும். இந்தக் குட்டியைச் சம்பந்தி வீட்டு வாசல் வரைக்கும் நீதான் தூக்கிட்டுப் போகணும். நடுவுல இறக்கக் கூடாது."

மாடத்திக்குக் கால் தரையில பாவலை. கிடாக்குட்டியைத் தூக்கிக்கிட்டு முன்னால ஓடுறா, பின்னால ஆடு, அதுக்கும் பின்னால முப்பிடாதி. தோள்ல இருந்த குட்டி அவ கழுத்து வழியாச் சுடச்சுட மூத்திரம் பேஞ்சுது. சிரிக்காதீங்க, கதையைக் கேளுங்க!

ரெண்டு தடம் பிரியுற இடத்துல மாமியார் நின்னுட்டா.

"தோளு வலிக்குதா அத்தை?"

"இல்லத்தா." அவ தெக்குத் தடத்தையே பார்த்துக்கிட்டு நின்னா. "இது எங்க ஆத்தா ஊருக்குப் போற தடம். என் சீதன ஆடும் பெட்டைதான் போட்டுச்சாம். என் மாமியாரும் 'கிடாதான்டி'ன்னா. சாகப்போறப்போதான் உண்மையைச் சொன்னா. எனக்கு மடியைத் தடவிப் பார்க்கத் தோணலை. நான் போகாத தாய்வீட்டுக்கு நீ மட்டும் போறதான்னு..."

குட்டி அவ காதை நக்குச்சு. அவ கண்ணைத் துடைக்கலை. ரெண்டு கையும் குட்டியைப் பிடிச்சிருக்கே.

"ஆத்தா இருக்காளோ இல்லையோ, வாசல் வேம்பாவது இருக்கும். திரும்புறப்போ அந்தத் தடத்துல என்னை ஒரு எட்டு கூட்டிட்டுப் போறியாத்தா?"