ஆவுளியா படத்தில் ஆவுளியா எங்கே?

ஆழமில்லாத கடல் ஒன்றில், கடற்புல் மண்டிக் கிடந்த இடத்தில், ஓர் ஆவுளியா தன் குட்டியோடு மேய்ந்துகொண்டிருந்தாள். ஆவுளியா என்றால் கடற்பசு. பசு மாதிரியே சாது, பசு மாதிரியே எந்நேரமும் மேய்ச்சல். ஒரு காலத்தில் அங்கே மந்தையாகத் திரிந்த கூட்டம் அது. ஒவ்வொருவராக வலையில் மாட்டி, மூச்சு வாங்க மேலே வர முடியாமல் செத்துப்போனார்கள். இப்போது மிஞ்சியது இந்தத் தாயும் பிள்ளையும்தான்.

ஒருநாள் அவள் கரையோரம் வந்து பதறினாள். "தம்பி கோலப்பா! நாளைக்கு எங்க புல்லு மேலேயே வலை போடப்போறதாப் படகுல பேசிக்கிட்டாங்க. நாங்க இங்க இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது. நீதான் எப்படியாவது சொல்லணும்!"

கோலப்பன் ஒரு மணல் நண்டு. வளை தோண்டிய மண்ணை உருட்டி உருட்டிக் கோலம் போடுவதில் அந்தக் கரையில் அவனை மிஞ்ச ஆளில்லை. அப்படி அவனே சொல்லிக்கொள்வான், யாரும் கேட்காவிட்டாலும்.

"கவலையை விடுங்கக்கா! மனுசங்களுக்கு நம்ம பேச்சு புரியாது, படம் புரியும்! தண்ணி வத்தினதும் அவங்க படகுக்கு நடந்து போற வழியில உங்களையும் பிள்ளையையும் அச்சு அசலா வரைஞ்சு வைக்கிறேன். பார்த்தவன் அப்படியே நின்னுடுவான்!"

மறுநாள் தண்ணீர் வற்றியது. கோலப்பன் வேலையில் இறங்கினான். கறுப்புக்குக் கணவாய் மை கொடுத்தான். வெள்ளைக்குக் கிளிமீன் மணல் கொடுத்தாள். பவளப்பாறையைக் கடித்துத் தின்று அவள் வெளியே தள்ளுகிற மணல் அது. எந்த வழியாகத் தள்ளுகிறாள் என்று கேட்காதீர்கள், படம் நன்றாக வந்தது.

பாதி முடிந்திருக்கும். கணவாய் மெல்லக் கனைத்தான். "மை என்னோடது. ஓரமா என்னையும் ஒரு ஆளா வரைஞ்சா குறைஞ்சா போயிடும்?"

சரிதானே என்று வரைந்தான்.

"அப்ப நான் மட்டும் இளிச்சவாயா?" என்று பாய்ந்தாள் கிளிமீன். அவளையும் வரைந்தான். மூக்கு எடுப்பாக இல்லை என்று திரும்பத் திரும்ப அழிக்க வைத்தாள்.

அடுத்து வந்து நின்றான் பேத்தை மீன்.

"நீ என்ன கொடுத்தே?"

"நானா? காலையிலேருந்து வயித்தை உப்பிக்கிட்டு ஆகா, ஓகோன்னு கத்திக்கிட்டிருக்கேனே, அதெல்லாம் கணக்குல வராதா?"

பேத்தையை உப்பிய கோலத்திலேயே வரைய வேண்டுமாம். இடம் போதவில்லை. ஆவுளியாவின் வாலை அழித்தான். பிறகு குட்டியையும் அழித்தான். கோலப்பனுக்கு நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. ஆனால் அவன் மட்டும் என்ன துறவியா? 'இவ்வளவு பேர் இருக்கும்போது வரைஞ்சவன் இல்லாம எப்படி?' என்று நட்டநடுவில் இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு நிற்கும் பெரிய நண்டு ஒன்றை வரைந்தான். ஆவுளியா பூசணிக்காய் அளவுக்குச் சுருங்கி மூலைக்குப் போனாள்.

தண்ணீரிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள் அவள். "தம்பி, இதுல நாங்க எங்கே?"

"அதோ கீழே! உத்துப் பாருங்க, தெரியும்!"

தண்ணீர் திரும்ப ஏறும் நேரம் மீனவர் சந்தியாகுவும் அவர் மச்சானும் வலையோடு வந்தார்கள்.

"அடேங்கப்பா! மச்சான், இங்க பாருங்க! நண்டு, கணவாய், கிளிமீன்! நல்ல சகுனம்! இன்னைக்கு இங்கதான் நமக்கு வேட்டை!"

"மூலையில என்ன, பூசணிக்காயா?"

"என்னவோ இருந்துட்டுப் போகட்டும், வாங்க!"

புல்லின் மேல் வலை இறங்கியது. கணவாய் மாட்டினான், கிளிமீன் மாட்டினாள், பேத்தை மாட்டினான். அவர்களோடு குட்டி ஆவுளியாவும் மாட்டியது! தாய் வெளியே நின்று வலையை முட்டினாள். உள்ளே பிள்ளைக்கு மூச்சுத் திணறியது.

"ஐயோ, என்னால வந்த வினை!" என்று கோலப்பன் தண்ணீருக்குள் பாய்ந்தான். கொடுக்கால் வெட்டினான். கயிறு அசையவில்லை. "டேய் பேத்தை! அந்தப் பல்லு சிரிக்க மட்டுமா? கடிடா!"

பேத்தை கடித்தான். பேத்தை கடித்தால் வலை தாங்குமா? நறுக்கென்று அறுந்து ஓட்டை விழுந்தது. குட்டி மேலே பாய்ந்து புஸ்ஸென்று மூச்சு விட்டது. மற்றவர்களும் அடித்துப் பிடித்து வெளியே வந்தார்கள்.

அடுத்த நாள் தண்ணீர் வற்றியபோது கணவாய் வாய் திறக்காமல் மை கொடுத்தான். பேத்தை ஏதோ கேட்க வந்தான், கிளிமீன் ஒரு முறை முறைத்ததும் காற்றை இறக்கிக்கொண்டான். இந்த முறை கோலப்பன் படத்தில் வழி நிறைய ஒரே தாய். அவள் மார்போடு ஒட்டிப் பால் குடிக்கும் ஒரே பிள்ளை. வேறு ஒன்றும் இல்லை.

கிழிந்த வலையைத் தைத்து எடுத்து வந்த சந்தியாகு அப்படியே நின்றுவிட்டார். "மச்சான், இது ஆவுளியா. பிள்ளைக்குப் பால் கொடுக்குது." அந்த நேரம் பார்த்துக் கடலில் இரண்டு மூக்குகள் எழும்பிப் புஸ்ஸென்று மூச்சு விட்டன. "நேத்து வலையை முட்டினது இதுகதானா! பாவம், பிள்ளையோட இருக்கு. இந்தப் பக்கமே வேண்டாம், தள்ளிப் போவோம்."

படத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

"இதை யாரு வரைஞ்சிருப்பா?" என்று கேட்டார் மச்சான்.

வளைக்குள் இருந்த கோலப்பனுக்குக் கொடுக்கு துருதுருத்தது. வெளியே ஓடி இரண்டையும் தூக்கிக் காட்டிவிடலாமா? ஒரு கொடுக்கை இன்னொரு கொடுக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தான்.

அடுத்தவர் துயரத்தை ஊருக்குக் காட்டப் போகிறவர், அதன் நடுவில் தன் முகத்தைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது.